மழைக்கு நாலு டயர்

1

எழுதத் தெரியாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பிறந்த ஊர் உன்னிச்சையில் ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் போனேன். அதற்குப் பிறகு நான் எழுதினதெல்லாம் கடைக்குச் சாமான் துண்டும் பிள்ளைக்குச் சுகக் கடிதமும்தான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லிவிடுவேன். கல்லடியில் இருக்கிற என் மச்சாள் தவம் சனிக்கிழமைகளில் போனில் பேசுவாள். ஊரில் மறுபடியும் ஷெல் சத்தம், சனம் இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடங்களில் கிடக்கிறது என்பாள். இந்த முறை நான் அவளுக்குச் சொன்னேன், இங்கே நடந்ததை. கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

“இத எழுதுகா. நீ வாயால சொன்னா அழுவாய். எழுதினா அழமாட்டாய்.”

அவள் சொன்னதில் பாதிதான் சரி.

நான் இருப்பது நோர்வே நாட்டின் மேற்குக் கரையில் ஒரு பட்டினம். குளிர் நாடு என்றால் பனிதான் என்று நம் ஊரில் நினைப்பார்கள். இங்கே பனி குறைவு. மழைதான். ஐப்பசியில் பிடித்தால் பங்குனி வரைக்கும் விடாது. நம் மாரி மழை அடித்து ஊற்றிவிட்டு ஒரு நாளாவது வெயில் காட்டும். இது அப்படி இல்லை, மூக்கால் அழுகிற பிள்ளை போல நாள் முழுக்கச் சிணுங்கிக்கொண்டே இருக்கும்.

நாங்கள் இருப்பது மாடி வீடுகள் உள்ள ஒரு கட்டடம். இங்கே ஒரு வழக்கம், படிகளை முறை வைத்துக் கழுவ வேண்டும். எங்கள் முறை வரும்போது நான்தான் கழுவுவேன். எங்கள் முறை இல்லாத நாளிலும் கூட்டிவிடுவேன், எனக்கு வேறு என்ன வேலை? அந்தப் படிகளில் எப்போதும் கறுப்புக் கறுப்பாய்ச் சின்னத் துகள்கள் கிடக்கும். மேல் வீட்டுப் பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்தால் சப்பாத்தில் இருந்து உதிர்கிறவை. மண்ணும் இல்லை, எள்ளும் இல்லை. நசித்தால் நசியும், விட்டால் பழையபடி நிமிரும். என்னவென்று கேட்க எனக்குப் பாஷை இல்லை. கூட்டிக் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

2

என் மகன் குமணன். எனக்கு மிஞ்சின ஒரே பிள்ளை. பதினாலு வயதில் என் தம்பியுடன் இங்கே வந்தவன். அவன் வளர்ந்து, உழைத்து, என்னைக் கூப்பிட்டபோது மீசை வைத்த ஆளாகிவிட்டான். விமான நிலையத்தில் நான் வேறு ஒரு பையனைப் பார்த்து “மனே” என்று ஓடினேன். குமணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறது.

நல்ல பிள்ளை. குடி இல்லை. மீன் பதனிடுகிற கம்பனியில் விடிய முதல், வெள்ளாப்பிலேயே போகிற வேலை. ஆனால் என்னோடு பறைய மாட்டான், ஒரு சொல் இரண்டு சொல்லோடு சரி. நின்றபடி பாண் தின்பான். கல்யாணம் பேசினால் கார் கழுவப் போய்விடுவான். அவன் அப்பாவின் படத்தைக் காட்டி ஏதாவது சொல்லத் தொடங்கினால், “எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லம்மா” என்று எழும்பிவிடுவான். அப்பாவைக் கடைசியாய்க் கண்டபோது எட்டு வயதுப் பிள்ளை, மறந்திருப்பான் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன வசந்தத்தில், முந்தி வைத்திருந்த சின்னக் காரை விற்றுவிட்டு, வேறு ஒரு கார் வாங்கினான். பழையதுதான், ஆனால் பெரிய இஞ்சின். ஸ்டார்ட் பண்ணினால் எங்கள் குசினியில் கோப்பைகள் கிலுகிலுக்கும். இங்கே எல்லாரும் முன் சில்லு, அதாவது முன் சக்கரம், இழுக்கிற சின்னக் கார்தான் வைத்திருக்கிறார்கள். இது பின் சில்லு தள்ளுகிற கார். சுருட்டின பாயை நிறுத்தி வைத்தது போல அகலமான டயர்கள். அவனோடு வேலை செய்கிற ரகு, ஏறாவூர்ப் பக்கத்துப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவான். வந்தால் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

“டேய், இது கார் இல்லடா, நாம்பன் மாடு. முன்னால போறவன் ஆர் எண்டு பாக்காது, பின்னால உதைக்கும். இது வெயிலுக்குப் போடுற டயர். மழைக்கு வேற வாங்கிப் போடு.”

“பாப்பம்.”

“என்ன பாப்பம்? ஐப்பசி வந்திட்டுது. மாமி, நீங்களாவது சொல்லுங்க. நான் கடைக்குக் கூட்டித்துப் போறன் எண்டாலும் வாறானில்ல. பொம்புள பாக்கக் கூப்பிட்ட மாதிரி ஒளிச்சித்துத் திரியிறான்.”

குமணன் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவிவிட்டுப் போய்விட்டான்.

3

நவம்பரில் ஒரு ஞாயிறு. தமிழ்ச் சனம் ஒரு மண்டபத்தில் சாமி படம் வைத்துப் பூசை செய்வார்கள். அதற்குப் போய்விட்டுத் திரும்பினோம். மத்தியானம் என்று பெயர், வெளிச்சம் இல்லை, மழை. பெரிய பாலத்தில் இருந்து இறங்குகிற வளைவு. ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் இரும்புத் தடுப்பு, அதற்குக் கீழே கடல்.

எனக்குச் சொல்லத் தெரிந்தபடி சொல்கிறேன். காரின் பின்பக்கம் எங்களை முந்திக்கொண்டு போயிற்று. நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்த ரோட்டு பக்கவாட்டில் வந்தது. பிறகு நாங்கள் வந்த வழியே எனக்கு முன்னால் தெரிந்தது. சத்தமே இல்லை. வழுக்கிற சத்தம்கூட இல்லை. அதுதான் என்னை உலுக்கினது. ஷெல் விழுந்தால்கூட ஒரு கூவல் கேட்கும், குப்புறப் படுக்க நேரம் கிடைக்கும். இது வாயைப் பொத்திக்கொண்டு வந்தது. கார் நின்றபோது பின்பக்கம் தடுப்பில் சாய்ந்திருந்தது. கண்ணாடித் துடைப்பான்கள் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டிருந்தன. குமணன் என் நெஞ்சுக்குக் குறுக்கே கையை நீட்டிப் பிடித்திருந்தான். எப்போது நீட்டினான் என்று தெரியாது.

பின்னால் வந்த யாரோ அறிவித்து, பொலிஸ் வந்தது. ஒரு இளம் பொம்பிளைப் பொலிஸ். அவள் மழையில் முழங்கால் ஊன்றி டயர்களைத் தடவினாள். தேய்ந்த இடத்தில் விரலை வைத்து அவனைப் பார்த்தாள். காற்று அளக்கிற சாமானை வைத்துப் பார்த்துவிட்டு, பிழையோ என்று இன்னொரு தரம் வைத்தாள். பிறகு டிக்கியைத் திறக்கச் சொன்னாள்.

உள்ளே இரண்டு மூட்டை அரிசி.

வீட்டில் அரிசி முடிந்து நான் மூன்று நாளாய்ப் பாண் தின்கிறேன். இங்கே டிக்கியில் இரண்டு மூட்டை கிடக்கிறது. நான் அவனைப் பார்க்க, அந்தப் பொலிஸ் பிள்ளையும் அவனைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னான். அதில் எனக்கு விளங்கின சொல் ஒன்றே ஒன்றுதான். “பாப்பா” என்றான். இங்கே தகப்பனை அப்படித்தான் சொல்லுவார்கள்.

வீட்டுக்கு வந்து ஈரத்தைத் துடைத்த பிறகு கேட்டேன்.

“அவளுக்கிட்ட அப்பாவப் பத்தி என்ன மனே சொன்னாய்?”

“ஏன் காத்து இல்ல, ஏன் அரிசி எண்டு கேட்டாள். அப்பா மாரிக்குக் காத்த இறக்குவார்தானே. டிக்கியில நெல்லு மூட்ட வெப்பார்தானே. அதத்தான் சொன்னன்.”

ஒன்றும் ஞாபகம் இல்லை என்ற பிள்ளை. காற்று இறக்கினதும் மூட்டை வைத்ததும் எப்படி அவனிடம் இருந்தது? அவ்வளவு பெரிய காரை, இந்த ஊர் ரோட்டில், செத்துப்போகிற வேகத்தில், அப்பாவின் கணக்கில் ஓட்டியிருக்கிறான்.

4

அவன் அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். பெயரைச் சொல்ல எனக்கு வராது, அவர் என்றே எழுதுகிறேன்.

அவர் கல்லடியில் ஹயர் கார், வாடகைக் கார், ஓட்டினவர். பழைய மொரிஸ் மைனர். அதுவும் பின் சில்லு தள்ளுகிற கார்தான், ஆனால் பலம் இல்லாதது. பாலத்தில் சைக்கிள்காரன் முந்துவான். அவருக்கு அதில் உயிர். மாரி தொடங்குவதற்கு முதல் காத்தான்குடியில் ஒரு காக்காவின், எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம், கடைக்குப் போய் டயர் பார்ப்பார். புதுசு வாங்க வசதி இல்லை. தேய்ந்த டயருக்கு மேலே புதுத் தோல் ஒட்டினதைத்தான் வாங்குவார், டாக் டயர் என்போம். நானும் ஒரு முறை பின் சீட்டில் இருந்தேன், இறங்கவில்லை. அவர் ஒவ்வொரு டயராய்க் குனிந்து, நகத்தால் கீறி, மோந்தும் பார்த்தார்.

“என்ன மாப்பிள, டயர் பாக்கிறியா, பிலாப்பழம் பாக்கிறியா?” என்றார் காக்கா.

“பிலாப்பழம் பிழைச்சா வயிறுதான் நோகும் காக்கா. இது பிழைச்சா உன்னிச்ச ரோட்டில நான் படுக்கணும்.”

“படு, படு. குளத்துக் காத்து நல்லா வரும்.”

வாங்கின டயர் எல்லாவற்றிலும் உள்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ரால் ஒரு பொட்டு வைப்பார். ஒரு முறை பஞ்சர் ஒட்டக் கொடுத்த இடத்தில் டயர் மாறிப் போனதில் இருந்து அந்தப் பழக்கம். காக்கா அதற்கும் விடமாட்டார். “டயருக்கும் பொட்டு வெச்சித்தான். இனிப் பூவும் வெப்பான்.”

மழை பிடித்தால் உன்னிச்சைப் பக்கம் களிமண் ரோட்டு சோப்புப் போட்ட மாதிரி. அப்போதுதான் அவர் பின் சில்லில் காற்றை இறக்குவார். டயர் சப்பையாகி மண்ணை அப்பிப் பிடிக்கும். டிக்கியில் ஒரு நெல்லு மூட்டை, பாரத்துக்கு. குமணன் அந்த வால்வில் குச்சியை வைத்து, ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வர வர, பாம்பு பாம்பு என்று கத்துவான். நல்ல ரோட்டு வந்ததும் பம்ப் அடித்துக் காற்றை ஏற்றிவிடுவார். அந்த வேலை பிள்ளைக்குப் பஞ்சி, சோம்பல், அப்போது காருக்குள் ஏறித் தூங்கிவிடுவான். பாதியைத்தான் பார்த்திருக்கிறான். அதை இப்போதுதான் நினைக்கிறேன்.

சண்டை மறுபடி தொடங்கின அந்தத் தொண்ணூறாம் வருஷம் யாரும் ஹயர் ஓடவில்லை. சந்திக்குச் சந்தி மறிப்பு. ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு வயதான அம்மாவைக் கிரான் ஊரில் கொண்டுபோய் விட ஆள் இல்லை என்று வந்து கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன்.

“நடக்க ஏலாத மனிசிகா. சுறுக்கா விட்டித்து வாறன்.”

போனார். அந்த அம்மாவை வீட்டு வாசலில் இறக்கிவிட்டாராம், ஒரு தேத்தண்ணி குடித்தாராம். கிரானில் அப்படித்தான் சொன்னார்கள். திரும்பினவர் வீட்டுக்கு வரவில்லை. காரும் வரவில்லை.

மறு நாள் நான் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு தேடிப் போனேன். போகிற வழியில் ஒரு சந்தியில் டயர் எரிந்துகொண்டிருந்தது. அந்த நாளையில் டயர் எரிந்தால் அதற்குள் என்ன என்று எங்கள் பக்கத்துச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. யார் யாரை எரித்தார்கள் என்று நான் எழுதப்போவதில்லை, எனக்குத் தெரியாது. நான் சீலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தை மூடி, என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றப் பக்கம் பார்த்தபடி தாண்டினேன். பார்க்கவில்லை. பார்த்தால்தானே அது யாரோ ஒருவர் ஆகும்.

அதற்குப் பிறகு எத்தனை முகாம், எத்தனை அரசாங்கக் கந்தோர். அவர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. நான் பொட்டை அழிக்கவில்லை. திவசம் கொடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு யார் திவசம் கொடுப்பார்கள்?

இங்கே வருவதற்கு விண்ணப்பித்தபோது ஒரு கந்தோரில் வைத்துக் கேட்டார்கள், புருஷன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று. மொழிபெயர்க்க வந்தது யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று.

“அம்மா, ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ. நடுவிலை ஒண்டும் இல்லை.”

“நான் நடுவிலதான் மகள் இருக்கன்” என்றேன்.

அந்தப் பிள்ளை அதை அவர்களுக்கு எப்படிச் சொன்னாளோ தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

5

பொலிஸ் கொடுத்த பேப்பரில், ஒரு கிழமைக்குள் சரியான டயர் போட்டுக் காரைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓட விடமாட்டோம் என்று இருந்ததாம். ரகு வந்து ஏசினான். அவன்தான் எனக்கு விளங்கப்படுத்தினான். சேற்றில் ஊர்கிற காருக்குக் காற்று இறக்கினது சரி. இங்கே வேகமாய் ஓடும்போது ரோட்டில் நிற்கிற தண்ணீரை டயர் பிதுக்கி வெளியே தள்ள வேண்டும். காற்றுக் குறைந்தால், பூவும், அந்த வெட்டு வரிகளும், தேய்ந்தால், டயர் தண்ணீருக்கு மேலே ஏறி மிதக்கும். “மிதந்தா ஸ்டியரிங் எதுக்கு மாமி? தோணிக்குத்தான் அது ஏலும்” என்றான்.

கடைசி நாள் வரைக்கும் குமணன் போகவில்லை. அன்றைக்கு ரகுவுக்கு வேலை. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காருக்குள் ஏறி இருந்துவிட்டேன். “நீ தனியப் போகப்படாது” என்றேன்.

கடை பட்டினத்துக்கு வெளியே. பெரிய கொட்டில், வாசலில் ஆள் உயரத்துக்குப் பழைய டயர் அடுக்கியிருந்தார்கள். குமணன் காரை வாசலில் நிறுத்தினான். இஞ்சினை நிறுத்தவில்லை. கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

“அம்மா, நீங்க போங்க.”

“நானா? எனக்கு என்ன பாஷ தெரியும்?”

“டயர் எண்டா அவங்களுக்கு விளங்கும். பேப்பரக் காட்டுங்க.”

இஞ்சினை நிறுத்தி, சாவியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி, ரோட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே போய் நின்றான். முதுகைக் கடைப் பக்கம் காட்டிக்கொண்டு. சீலைக்கு மேலே குளிர்ச் சட்டை, அதற்கு மேலே மழைச் சட்டை, தலையில் கம்பளித் தொப்பி. இப்படி ஒரு தாயோடு உள்ளே போக வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். ஊரில் நான் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள்கூடத் தனியே போனதில்லை. ஆனால் அந்த வளைவும், கீழே கிடந்த கடலும் கண்ணுக்குள் வந்தன. போனேன்.

உள்ளே ஒரு கிழவர், கை முழுக்கக் கறுப்பு. பேப்பரைக் கொடுத்தேன். வாசித்தார். வாசலுக்குப் போய்க் காரைச் சுற்றிப் பார்த்தார். ஏதேதோ கேட்டார். கிழவிகளுக்கு நடத்துகிற வகுப்பில் நான் படித்த சொற்கள் எல்லாம் பறந்துவிட்டன. இரண்டு சொல்தான் வாயில் நின்றது. காரைக் காட்டி, பஸ் நிறுத்தத்தைக் காட்டி, “ஸொன்” என்றேன். மகன். பிறகு மேலே காட்டி, “ரெய்ன்” என்றேன். மழை.

அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவனைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

மூன்று டயரை உருட்டிக்கொண்டு வந்தார். ஒன்றில் ஆணிகள் முளைத்திருந்தன, எனக்குத் திடுக்கென்றது. கையை வழுக்கிக் காட்டினார், அது கண்ணாடி மாதிரி உறைந்த ரோட்டுக்கு. வேண்டாம் என்று தானே ஒதுக்கி வைத்தார். மற்றது காரில் கிடந்தது போல அகலம், பளபளப்பு. மூன்றாவது ஒடுக்கம், பூவெல்லாம் பிளேட்டால் கீறினது போல மெல்லிய வெட்டுகள். ஒரு வாளித் தண்ணீரில் உள்ளங்கையைச் சப்பையாய் அடித்துக் காட்டினார். தெறித்தது, கை மேலேயே நின்றது. பிறகு கையைச் செங்குத்தாய்த் திருப்பி விட்டார், வெட்டிக்கொண்டு அடிக்குப் போனது. எனக்கு விளங்கிவிட்டது. வாவியில் தோணியின் அடி மிதக்கும், தோணி தள்ளுகிற கம்பு சேற்றைத் தொடும். ஒடுக்கமானதில் என் பெருவிரலை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அந்தக் குளிரிலும் அது மெதுமெதுவென்று இருந்தது. அகலமானது கட்டையாய் விறைத்திருந்தது.

ஒடுக்கமானதைத் தொட்டு நாலு விரலைக் காட்டினேன். பின் சில்லைக் காட்டி, நல்லதாய் இரண்டைப் பின்னுக்கு என்று கையால் சொன்னேன். அது குமணனின் அப்பாவின் பழக்கம், நல்ல டயர் பின்னுக்கு. கிழவர் சிரித்தார். நாலும் புதுசு, நாலும் ஒன்று, எது எங்கே போனால் என்ன என்று விளங்கப்படுத்தியிருப்பார் போல. எனக்கு வெட்கமாகிவிட்டது.

வேலை முடிகிற மட்டும் ஒரு மூலையில் இருந்தேன். கழற்றின பழைய டயர்களை ஒன்றன் மேல் ஒன்றாய் அடுக்கினார்கள். ரப்பர் சூடேறின மணம் வந்தது. எழும்பி வெளியே போய்விட்டேன்.

6

குமணன் மப்ளரால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். முகம் வெளிறிப் போயிருந்தது. சத்தி எடுத்து, தின்றதெல்லாம் காலடியில் கிடந்தது.

“என்ன மனே? காய்ச்சலா?”

“இல்ல. அந்த மணம். இஞ்ச வரைக்கும் வருகுது.”

மழை கூரையில் அடித்தது.

“சின்னக் கார் இருக்கக்குள்ளயும் நான் டயர்க் கடைக்குப் போனதில்லம்மா. ரகுட தம்பிதான் மாத்தித் தந்தான். அவன் இப்ப வேற ஊர்.”

“ஏன் மனே எனக்கிட்டச் சொல்லல்ல?”

“என்னெண்டு சொல்ற?”

பஸ் ஒன்று வந்து நின்று, நாங்கள் ஏறவில்லை என்று கண்டு போயிற்று. அதற்குப் பிறகுதான் சொன்னான். என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துச் சொன்னான்.

“நீங்க சீலையால மூடினீங்கதானே. கீழால தெரிஞ்சிது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்தச் சீலை, எங்கே என்று நின்றேன். பிறகு விளங்கினது, அந்தச் சந்தி.

“ஒரு டயரில நெருப்புப் பத்தல்லம்மா. அங்கால உருண்டு ரோட்டோரத்தில கிடந்திச்சு. உள்பக்கம் வெள்ளப் பொட்டு இருந்திச்சு.”

நான் பஸ் நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பதினேழு மாரி. நான் வாசல் பார்த்த பதினேழு மாரியும் இந்தப் பிள்ளைக்குத் தெரியும். எட்டு வயதில் தெரியும். எனக்கு முன்னால் இருந்து சோறு தின்றிருக்கிறான், கடிதம் எழுதியிருக்கிறான், என்னைக் கூப்பிட்டிருக்கிறான், எல்லாம் தெரிந்துகொண்டு.

“ஏன் மனே...”

“நீங்க ஒவ்வொரு நாளும் பொட்டு வெச்சித்து இருந்தீங்க. நான் சொன்னா அழிச்சிருப்பீங்க.”

நான் அவனைத் தொட்டேன். பெரிய ஆளாகின பிறகு முதல் தரம் அவன் விலகவில்லை. என் தொப்பிக்கு மேலே நாடியை வைத்துக்கொண்டு நின்றான். அழுதானா என்று தெரியாது, எல்லாம் மழை.

கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். “அந்தப் பழைய டயர அவங்க என்ன செய்வாங்க? கேட்டீங்களா?”

“இல்ல.”

“கேளுங்கம்மா. எரிக்கிறது எண்டா நமக்குத் தரச் சொல்லுங்க. நான் வீட்ட வெச்சிக்கிறன்.”

7

மறுபடியும் உள்ளே போனேன். இந்த முறை வெட்கம் வரவில்லை, அதற்கு இடம் இல்லை. அடுக்கியிருந்த டயர்களைக் காட்டினேன். நெருப்புக்குச் சொல் தெரியாது. பத்து விரலையும் மேலே ஆட்டி நெருப்பைப் போலச் செய்து காட்டி, அவர் முகத்தைப் பார்த்தேன்.

கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, கையைத் துடைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார். அங்கே ஒரு விளையாட்டு மைதானம். கம்பி வேலிக்குள் பிள்ளைகள் மழையில் நனைந்து பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். பச்சைப் புல், ஆனால் உண்மைப் புல் இல்லை. அவர் குனிந்து வேலியோரத்தில் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். பிறகு பழைய டயரைக் காட்டினார். இரண்டு கையாலும் திரிகையில் அரைப்பது போலச் செய்தார். மறுபடி என் கையைக் காட்டினார்.

கறுப்புத் துகள். நான் ஒவ்வொரு நாளும் படியில் கூட்டுகிற துகள்.

பொத்தின கையோடு ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்க் குமணனுக்குக் காட்டினேன். கிழவர் காட்டினதைச் சொன்னேன். மப்ளரை விலக்கி, பயந்து பயந்து மோந்து பார்த்தான்.

“இது எங்கட படியில கிடக்கிறதுதானே?”

“ஓம் மனே. புள்ளைகள் விழுந்தா நோகாமல் போடுறதாக்கும்.”

அவன் அதைக் கீழே கொட்டவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

திரும்பி வரும்போது அதே பாலம், அதே வளைவு, அதே மழை. நான் கண்ணை மூடவில்லை. கார் ரோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினது. டயர் தண்ணீரை வெட்டுகிற சத்தம் கேட்டது. சத்தம் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டு வாசலில் டிக்கியைத் திறந்து, “காத்து சரியா வெச்சிரிக்காங்க. இது இனி வேணாம்” என்று மூட்டைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலே வந்தான். அன்றைக்கு அந்த அரிசியைத்தான் வடித்தேன். அவன் நிற்காமல் கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டான். அப்பா நல்ல ரோட்டுக்கு வந்ததும் காற்றை ஏற்றிவிடுவார் என்று சொன்னேன். சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தான். “அது எனக்குத் தெரியாதும்மா” என்றான்.

மறுநாள் காலையில் கண்ணாடிக்கு முன்னால் கனநேரம் நின்றேன். பொட்டு வைத்தேனா இல்லையா என்பதை எழுத மனம் வரவில்லை.

படியைக் கழுவும்போது துகளைக் கொட்டுவதில்லை. ஒரு தகரப் பேணியில் சேர்த்து, மைதானத்துப் பக்கம் போகிறபோது வேலிக்குள் போட்டுவிடுகிறேன்.

வாசிக்கிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இதைச் சரி பார்க்க வேண்டும். காற்றுக் கதை ரகு சொன்னது. டயர்க் கதை ஒரு கிழவர் கையால் காட்டினது, நான் விளங்கினதில் பிழை இருக்கலாம். பழைய டயர் எல்லாவற்றையும் அரைக்கிறார்களா, மிஞ்சினதை எங்கேயாவது எரிக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. எரிக்கிறார்கள் என்றால் எனக்கு மட்டும் எழுதுங்கள். குமணன் மெதுவாய் என்றாலும் தமிழ் வாசிப்பான்.

இன்னும் ஒன்று. அவர் கிரானுக்குப் போனது சண்டை மறுபடி தொடங்கின வருஷம், ஆவணி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. நாங்கள் அந்தச் சந்தியைத் தாண்டினது அடுத்த நாள், சனி. கிழமையில் பிழை இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் மறதிக்காரி. யாரிடமாவது அந்த வருஷத்துப் பழைய பஞ்சாங்கம் இருந்தால், அந்தச் சனிக்கிழமை என்ன திதி என்று பார்த்துச் சொல்லுங்கள்.